பெட்போர்டுச் சிறையில் ஜான் பன்யன்

இங்கிலாந்து நாட்டில் பெட்போர்டு நகரை அடுத்து எல்ஸ்டோ என்னும் சிற்றூர் ஒன்று உளது. அவ்வூரில், ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைக்கும் எளிய குடியொன்றில், 1628-ஆம் ஆண்டு ஜான் பன்யன் பிறந்தார். பள்ளியில் எழுதவும் படிக்கவும் சிறிது கற்றார். அவ்வளவே அவர்தம் கல்வி. தந்தையாரின் தொழிலே மைந்தர்க்கும் வாய்த்தது.

பதினாறாம் வயதில் அன்னையாரையும், அடுத்த திங்களிலேயே தமக்கு இளைய உடன்பிறந்தாளையும் அவர் இழந்தார். அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போர் அவரைப் படைவீரராக்கியது. ஒருகால் அவர் செல்லவேண்டிய காவலுக்கு மற்றொரு வீரர் விரும்பிச் சென்று குண்டுபட்டு மாண்டார். தாம் ஏன் பிழைத்தோம் என்னும் வினா பன்யன் நெஞ்சில் நெடுநாள் தங்கியது.

போர் முடிந்து ஊர் திரும்பி மணம் புரிந்துகொண்டார். இல்லறம் தொடங்கியபோது அவ்விருவரிடமும் ஒரு தட்டோ கரண்டியோ இல்லை. மனைவியார் தம் தந்தை விட்டுச் சென்ற சமய நூல்கள் இரண்டையே சீராகக் கொணர்ந்தார். அவற்றைப் படித்த பன்யனுக்கு உள்ளத்தில் அமைதியின்மை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நம் நாட்டுக் கிட்டிப்புள்ளை ஒத்த ஆட்டத்தில் ஈடுபட்டிருக்குங்கால், தம் வாழ்வு பாழாகின்றது என்னும் எண்ணம் அவரைத் திடீரெனத் தாக்கியது. புள்ளை அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.

பின்னொருநாள் தொழிலின் பொருட்டுப் பெட்போர்டுக்குச் சென்றவர், ஏழைப் பெண்டிர் மூவர் நால்வர் வாயிற்புறத்தில் வெயில் காய்ந்தவாறு இறைவனைப் பற்றி அளவளாவக் கேட்டார். அவர்தம் முகத்தில் விளங்கிய மகிழ்ச்சி தமக்கு இல்லையே என்று ஏங்கினார். அவ்வேக்கம் வளர்ந்து, தமக்கு மன்னிப்பே கிடையாது என்னும் பெருந்துயராக முற்றியது. இன்று நோக்குவார்க்கு அவர்தம் குற்றங்கள் மிகச் சிறியனவாகவே தோன்றும். வசைமொழியும் விளையாட்டும் அன்றிப் பெரும்பழி எதனையும் அவர் செய்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நோயின் கொடுமை நோயாளிக்கன்றோ தெரியும்! கிறிஸ்துவின் அருளைத் தவிரத் தமக்குப் பற்றுக்கோடு இல்லை எனத் தெளிந்த பின்னரே, சில ஆண்டுகள் கழித்து, அத்துயர் நீங்கிற்று. தாம் பெற்ற ஆறுதலை ஊர் மக்களுக்கும் எடுத்துரைக்கலானார். பாத்திரம் செப்பனிடுபவர் பேசுவதைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது.

1658-இல் மனைவியார் மறைந்தார். குழந்தைகள் நால்வர், மூத்தவளாகிய மேரி பிறவியிலேயே கண்ணொளி இழந்தவள். அடுத்த ஆண்டு எலிசபெத் என்னும் இளநங்கை அவரை மணந்து அந்நால்வர்க்கும் தாயாயினாள்.

1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணை ஏறினார். அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூட்டம் கூட்டிப் போதிப்போர்மீது பழைய சட்டங்கள் ஏவப்பட்டன. நவம்பர் 12-ஆம் நாள் ஒரு சிற்றூரில் பன்யன் பேசவிருந்தார். கைதாவார் என்னும் செய்தி முன்னரே எட்டிற்று. நண்பர்கள் தப்பிச் செல்லுமாறு வேண்டினர். தாம் ஓடினால் புதிதாக நம்பினோர் தளர்வர் என்று கருதி அவர் நின்றார், சிறைப்பட்டார். மூன்று திங்கள் சிறை என்பது தீர்ப்பு. அதன் பின்னும் போதிப்பதைக் கைவிடாவிடில் நாடுகடத்தப்படுவார். இசைவின்றி மீண்டால் தூக்கு. இனிப் பொதுவில் போதிப்பதில்லை என்று அவர் உறுதி கூறியிருப்பின் கதவு திறந்திருக்கும். அவர் கூறவில்லை. மூன்று திங்கள் பன்னிரண்டு ஆண்டுகளாயின.

அவ்வுறுதியின் விலையை அவர் மட்டும் தரவில்லை. அப்போது கருவுற்றிருந்த எலிசபெத், கணவர் கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் உரிய காலத்திற்கு முன்னரே நோவுற்று, பிறந்த மகவை இழந்தாள். எனினும் 1661-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெட்போர்டு விடுதியொன்றில் அமர்ந்திருந்த நீதிபதிகள் முன் தனியே சென்று நின்றாள். பார்வையற்ற மகள் உட்பட நான்கு குழந்தைகளுக்கும் பிறர் இடும் உதவியன்றிப் பிழைப்பில்லை என்று அஞ்சாது எடுத்துரைத்தாள். மாத்தியூ ஹேல் என்னும் நீதிபதி இரங்கினார். ஆனால் விடுவிக்கும் வழி காணவில்லை. மற்றொருவர் சினந்தார். அவள் கண்ணீருடன் திரும்பினாள்.

சிறையில் பன்யனை மிகுதியும் வாட்டியது மேரியின் நினைவே என அவரே பதிந்துள்ளார். அவள் பசியாலும் குளிராலும் வருந்துவாளே என்று எண்ணுந்தோறும் அவர் நெஞ்சு உடைந்தது. தூக்குமரத்தின் அச்சமும் அவரைப் பற்றியது. ஏணியேறுங்கால் முகம் வெளிறிக் கால் நடுங்கினால் தம் சமயத்திற்கு இழுக்காகுமே என்று கலங்கினார். ஆறுதல் வேண்டி இரந்தார்; அது கிட்டவில்லை. முடிவில், இறைவன் ஆறுதல் அளிப்பினும் அளியாதொழியினும் தாம் அவனைப் பற்றி நிற்பதே கடன் எனத் துணிந்தார். அத்துணிவுக்குப் பின்னரே அவருள்ளம் அமைதியுற்றது. அவர் வரலாற்றில் யான் பெரிதும் போற்றுவது இவ்விடத்தையே.

குடும்பத்தைக் காக்க, நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தும் வேலையைச் சிறையிலிருந்தே செய்தார். விவிலியமும், சமயத்திற்காக உயிர் நீத்தோர் வரலாறும் அவருக்குத் துணையாயின. தம் உள்ளப் போராட்டங்களை எழுதி 1666-இல் வெளியிட்டார். 1672-இல் மன்னர் பிறப்பித்த ஆணையால் விடுதலை பெற்றார்; சில ஆண்டுகளின் பின் மீண்டும் ஆறு திங்களளவு சிறைப்பட்டார்.

1678-இல் வெளிவந்தது அவர்தம் பெருநூல். முதுகில் பாவச்சுமையுடன் அழிவு நகரை விட்டுப் புறப்படும் கிறிஸ்தியான் என்பவன், உளையில் உழன்று, சிலுவையடியில் சுமை நீங்கப்பெற்று, பள்ளத்தாக்கையும் கடந்து, விண்ணகர் சேர்தலை அது கூறும். இடையில் அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவனையும் தோழனையும் ஐயக்கோட்டையில் அடைத்துப் புடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகிறான். நாட்கள் சில கழிந்தபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பகத்தே இருத்தலைக் கிறிஸ்தியான் நினைவுகூர்கிறான்; பூட்டுகள் திறக்கின்றன. இருட்சிறையில் இருந்தறியாதார் இதனைப் புனைந்திருத்தல் அரிது.

அந்நூல் இருநூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் கிறித்தவரான நெல்லைச் சீமைப் புலவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, அதனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றி 1894-இல் வெளியிட்டார்.

நூலாற் புகழ் பெற்ற பின்னரும் பன்யன் பெட்போர்டு மக்களிடையே பணியாற்றி வந்தார். 1688-இல், தந்தையொருவர்க்கும் அவர் மகனுக்கும் நேர்ந்த பிணக்கைத் தீர்க்க ரெடிங் நகர்க்குக் குதிரைமீது சென்றார். பிணக்குத் தீர்ந்தது. இலண்டனை நோக்கி வருகையில் பெருமழையில் நனைந்து காய்ச்சலுற்று, ஆகஸ்ட் 31-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற பொருள் நாற்பத்திரண்டு பவுன் பத்தொன்பது ஷில்லிங்கே.