பைண்டிங் கடையில் படிச்ச ஃபாரடே

மைக்கேல் ஃபாரடே 1791-ல் லண்டன் அருகே ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தார். பள்ளிப்படிப்பு ரொம்பக் கம்மி. 14 வயதில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தொழில் கத்துக்கச் சேர்ந்தார். ஏழு வருஷம் அங்கேதான்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தான் அவருக்குக் காலேஜ். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் புத்தகமும் அவரை இழுத்துக்கிச்சு. ஆனா புத்தகத்துல இருக்குன்னு எதையும் அப்படியே நம்பலை. கையில் இருந்த சில்லறைக்குப் பொருள் வாங்கி, முடிஞ்ச சோதனைகளைத் தானே செஞ்சு பார்த்தார். கண்ணாடிக் குப்பியை வெச்சே ஒரு மின் இயந்திரம்கூட செஞ்சார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த டிக்கெட்டில், ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். நோட்ஸை படங்களோட விரிவா எழுதி, தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருஷமே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் வேலை!

உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை வரலை. ஆனாலும் 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிச்சார். நம்ம லேபில் இருக்கிற ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்றது அந்தத் தத்துவத்துலதான். 1867-ல் மறைந்தார்.

அடுத்த தடவை டெக்ஸ்ட்புக்கில் ஒரு சர்க்யூட் வந்தா, ஹைலைட்டர் போட்டுட்டுத் தாண்டிடாதீங்க. பிரெட்போர்டில் போட்டுப் பாருங்க.