ஆட்டம் காணச் செல்லாத தலைவர்

அயர்லாந்தின் விடுதலை வரலாற்றைப் படிப்போர் எவரும் ஈமன் டி வலேரா என்னும் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. கணித ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, மரண தண்டனைக் கைதியாகச் சிறை சென்று, பின்னர் அந்நாட்டின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் விளங்கியவர் அவர். ஆறடிக்கு மேல் உயரம். கண்ணாடி அணிந்த கண்டிப்பான முகம். படத்தைப் பார்த்தால் சிரிக்கவே தெரியாதவரோ என்று தோன்றும். ஆனால் அவருக்குள் ஒரு விளையாட்டுப் பித்து இருந்தது. அதுதான் ரக்பி.

தோழியரே, நம்மில் பலர் ரக்பி ஆட்டத்தைப் பார்த்ததில்லை. முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னால் இருப்பவருக்குக் கையால் வீசக் கூடாது. எல்லாருக்கும் பின்னால் ஒருவர் தனியே நிற்பார். அவரை ஃபுல்பேக் என்பர். ஆடுகளம் முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியும். எதிரணியார் தப்பி வந்துவிட்டால் கடைசியாகத் தடுக்க வேண்டியவரும் அவரே. டி வலேரா இந்த இடத்தில் நின்று ஆடியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1882 அக்டோபர் 14-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஸ்பானிய வழியினர். தாய் கேதரின் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்து ஏழைப் பெண். தந்தையின் நிழல் அவருக்குக் கிட்டவில்லை. 1885-இல், இரண்டு வயதுக் குழந்தையாக, மாமாவின் கையில் கப்பலேறி புரூரீ என்ற சிற்றூருக்கு வந்தார். தாய் அமெரிக்காவிலேயே மறுமணம் செய்துகொண்டார். பாட்டியும் மாமாவும்தான் அவரை வளர்த்தனர். பசு மேய்த்து, ஏழு மைல் தொலைவிலிருந்த பள்ளியிலிருந்து பல நாள் நடந்தே வீடு திரும்பி, படிப்பை விடாமல் பிடித்துக்கொண்ட சிறுவன், 1898-இல் டப்ளின் அருகே பரிசுத்த ஆவி சபைக் குருக்கள் நடத்திய பிளாக்ராக் கல்லூரியில் இடம் பெற்றான். ரக்பியும் அங்கேதான் அவனைப் பற்றிக்கொண்டது.

1903-இல் டிப்பரரி மாவட்டத்து ராக்வெல் கல்லூரியில் கணித ஆசிரியரானார். அயர்லாந்து அணிக்கு ஆடிய ரயன் சகோதரர்களோடு சேர்ந்து ஆடும் பேறு அங்கே கிடைத்தது. டெவ் என்ற செல்லப் பெயரும் அங்கே வந்ததுதான். பிறகு 1906 முதல் இரக்க சபைக் கன்னியர் நடத்திய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பெண்களுக்குக் கணிதம் கற்பித்தார். (கணக்குக்கு நடுங்குவோர் அங்கும் இருந்திருப்பர் என்றே நம்புகிறேன்.) 1908-இல் ஐரிஷ் மொழி கற்கச் சென்றவர், தமக்குக் கற்பித்த ஷினேட் ஃபிளனகன் அம்மையாரையே 1910-இல் மணந்தார்.

மொழிப்பற்று நாட்டுப்பற்றாக வளர்ந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. 1884-இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம், ஹர்லிங் போன்ற நாட்டு ஆட்டங்களை வளர்த்து வந்தது. ரக்பியும் கிரிக்கெட்டும் ஆங்கிலேயன் கொண்டுவந்தவை என்று கூறி, அவற்றை ஆடுவோரையும் பார்ப்போரையும் கூட அது விலக்கி வைத்தது. 1938-இல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு ஒரு கால்பந்தாட்டம் காணச் சென்றதற்காக, சங்கத்தின் புரவலர் பட்டியலிலிருந்து அவர் பெயரையே அடித்துவிட்டார்கள்! 1913-இல் ஐரிஷ் தொண்டர் படையில் சேர்ந்த டி வலேரா, அந்த ஆண்டோடு ரக்பி ஆட்டம் காணச் செல்வதை நிறுத்திக்கொண்டார்.

மூன்றே ஆண்டுகளில் அந்த ஆட்டம் வேறு உருவில் அவர் எதிரே வந்தது. 1916 ஏப்ரல் 24, உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள், டப்ளினில் புரட்சி வெடித்தது. நகரின் தென்கிழக்கில் போலண்டு ரொட்டி ஆலையைப் பிடித்து நின்ற படைக்கு டி வலேரா தளபதி. லான்ஸ்டவுன் ரோடு ரக்பி மைதானம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். அன்று மாலை, வயது முதிர்ந்த பிரிட்டிஷ் ஆதரவுத் தொண்டர்கள் சிலர் பயிற்சி முடிந்து அவ்வழியே திரும்பினர். அவர்கள் துப்பாக்கிகளில் தோட்டா இல்லை. டி வலேராவின் வீரர்கள் அதை அறியாமல் சுட்டனர். விழுந்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் பிரவுனிங். ஐரிஷ் ரக்பி சங்கத்தின் தலைவராக விளங்கியவர். இரண்டு நாளில் அவர் இறந்தார். விடுதலைப் போர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே ஆட்டத்தை நேசித்த இருவர் அதில் எதிரெதிரே நின்றனர். (நம் நாட்டின் குடியரசுத் தலைவராக 1969 முதல் 1974 வரை இருந்த வி. வி. கிரி அப்போது டப்ளினில் சட்டம் பயின்று வந்தார். அதே ஆண்டில் அவர் நாடு திரும்ப நேர்ந்தது.)

புரட்சி ஒரு வாரத்தில் அடங்கியது. தலைவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். டி வலேராவின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்தவர் என்பதால் தப்பினார் என்பர் சிலர். விசாரணை தாமதமானதே காரணம் என்பர் வேறு சிலர். மீண்டும் சிறைப்பட்டபோது, இங்கிலாந்தின் லிங்கன் சிறையில் திருப்பலிக்குப் பூசை உதவி செய்து வந்த அவர், குருவானவரின் சாவியை மெழுகில் பதித்தெடுத்து, மாற்றுச் சாவி வரவழைத்து, 1919 பிப்ரவரியில் தப்பிச் சென்றார். மெழுகுதிரியின் இந்தப் பயனை மறைக்கல்வி வகுப்பில் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

இனி வருவதுதான் அவரை எடைபோடுவோர் எல்லாரும் தடுமாறும் இடம். 1921 ஜூலையில் அவர் லண்டன் சென்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுடன் நேரில் பேசினார். முழுக் குடியரசு கிடைக்காது என்பது அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் அக்டோபரில் இறுதிப் பேச்சு தொடங்கியபோது அவர் போகவில்லை. மைக்கேல் காலின்சையும் ஆர்தர் கிரிஃபித்தையும் அனுப்பிவிட்டு டப்ளினிலேயே தங்கினார். கடைசித் தடுப்பாகத் தாம் பின்னால் நிற்க வேண்டும் என்று எண்ணினார், ஃபுல்பேக் அல்லவா! டிசம்பர் 6-இல் அவர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கையை அவர் ஏற்கவில்லை. 1922 ஜனவரி 7-இல் 64-க்கு 57 என்ற வாக்கில் நாடாளுமன்றம் அதை ஏற்றது. அவர் வெளியேறினார். ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டில் காலின்ஸ் சொந்த மாவட்டத்திலேயே சுடப்பட்டு இறந்தார். புதிய அரசு, எதிர்த்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. போரைத் தொடங்கியவர் டி வலேரா மட்டுமே என்று கூற முடியாது. எனினும், தாம் செல்ல விரும்பாத இடத்துக்குப் பிறரை அனுப்பியவர், அவர்கள் கொண்டுவந்ததை அவ்வளவு கடுமையாகத் தள்ளியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்நாட்டில் தாத்தா எந்தப் பக்கமோ பேரனும் அந்தப் பக்கமே நின்றான். 1922-இன் இரு பக்கங்களிலிருந்து பிறந்த இரு பெரிய கட்சிகளும் ஒரே அரசில் கைகோத்தது 2020-இல்தான்.

1926-இல் ஃபியன்னா ஃபால் கட்சியை நிறுவி, 1932-இல் அவர் ஆட்சிக்கு வந்தார். 1937-இல் அவர் உருவாக்கிய அரசியலமைப்பிலிருந்தே நமது அரசியலமைப்பின் வழிகாட்டும் நெறிகள் எடுக்கப்பட்டன என்பதைக் குடிமையியலில் படிக்கிறோம்.

1939-இல் உலகப் போர் வந்தது. அயர்லாந்து நடுநிலை வகிக்கும் என்றார். போரில் சேர்ந்தால் பிரிந்து கிடக்கும் வடபகுதியை இணைக்க உதவுவதாக 1940-இல் பிரிட்டன் ஆசை காட்டியும் அவர் அசையவில்லை. தேயிலை ஒரு கட்டத்தில் ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் என்றானது. இந்த இடத்தில் அவரை நான் மனமார மதிக்கிறேன். உள்நாட்டுப் போர் முடிந்து பதினாறே ஆண்டுகள் ஆன சிறு நாடு அது. போருக்குள் இழுத்திருந்தால் மறுபடியும் இரண்டாகியிருக்கும். அதே சமயம் அவர் கல்நெஞ்சராகவும் இருக்கவில்லை. 1941 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரைத் தாக்கி ஏறக்குறைய 900 பேரைக் கொன்ற இரவில், அது பிரிட்டனின் ஆட்சிப் பகுதி என்றும் பாராமல், தெற்கிலிருந்து 13 தீயணைப்பு வண்டிகளை எல்லை தாண்டி அனுப்பி வைத்தார்.

ஆனால் 1945 மே 2-ஆம் நாள் அவர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஹிட்லர் இறந்த செய்தி வந்ததும், ஜெர்மன் தூதரிடம் நேரில் சென்று அனுதாபம் தெரிவித்தார். தூதரக மரபு அது என்பது அவர் தரப்பு. பெர்கன் பெல்சன் முகாமின் கொடுமைகள் அதற்கு முன்பே உலகுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. ஊர் பேசுமே என்று ஒரு ரக்பி ஆட்டத்துக்குக் கூடப் போகாதவர், உலகமே பேசும் என்று தெரிந்தும் அந்த வாசலுக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து, சர்ச்சில் வானொலியில் பழித்தபோது, அவர் அளித்த நிதானமான மறுமொழியைக் கேட்டு நாடே பெருமிதம் கொண்டது. மே 2 அந்த ஆரவாரத்தில் மறைந்துபோனது.

1948 பிப்ரவரியில் பதவி இழந்தார். மார்ச் மாதம் நாட்டுப் பிரிவினைக்கு எதிராகப் பேச அமெரிக்கா புறப்பட்டார். அதே மார்ச் 13-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் அயர்லாந்து ரக்பி அணி வேல்சை 6-3 என வென்று, அவ்வாண்டு எதிர்த்த நான்கு நாடுகளையும் வீழ்த்திய சாதனையை முதன்முறையாகப் படைத்தது. நாடு இரண்டாகியும் ரக்பி அணி பிரியவே இல்லை. வடக்கும் தெற்கும், கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டினரும் ஒரே சட்டையில் ஆடினர். அவர் உலகெங்கும் தேடிச் சென்ற ஒற்றுமை அந்த எண்பது நிமிடம் பெல்ஃபாஸ்ட்டில் இருந்தது. ஜூனில் நம் டெல்லிக்கும் வந்து நேருவைச் சந்தித்தார்.

1957-இல் தாம் படித்த பிளாக்ராக் கல்லூரியின் விருந்தொன்றில், 1913-க்குப் பிறகு தாம் ரக்பி ஆட்டம் காணச் சென்றதே இல்லை, அது அரசியலாகிவிடும் என்று அஞ்சியே போகவில்லை என்பதை அவர் மனம் திறந்து கூறினார். வானொலியில் மட்டும் கேட்டு வந்தாராம். 44 ஆண்டுகள்! 1959-இல் குடியரசுத் தலைவரானபோது பார்வை ஏறக்குறைய முழுவதும் மங்கியிருந்தது. 1973 வரை அப்பதவியில் இருந்தார்.

துணைவியார் 1975 ஜனவரி 7-இல், திருமண நாளுக்கு முந்தைய நாள், காலமானார். அவ்வாண்டே ஆகஸ்ட் 29-இல், தமது 92-ஆம் வயதில் டி வலேராவும் இறையடி சேர்ந்தார். டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் துயில்கின்றனர். காலின்சின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. 2007 பிப்ரவரி 24-இல், கேலிக் சங்கம் தன் குரோக் பார்க் மைதானத்தின் கதவை இங்கிலாந்து ரக்பி அணிக்குத் திறந்துவிட்டது. அன்று அயர்லாந்து 43-13 என வென்றது. அவர் கல்லறையிலிருந்து அந்த மைதானம் அதிகத் தொலைவில் இல்லை.