ஒலியின் விரைவை அளந்த கோல்டிங்ஹாம்

ஆவணித் திங்களின் மாலை நேரம். மந்தைவெளித் தெருவில் நின்று மேல்வானை நோக்குகின்றோம். கருமுகில் திரண்டெழுகின்றது. மழை தொடங்குமுன்னரே குளிர்காற்று ஒன்று திடீரெனச் சுழன்றடித்துத் தென்னை மரங்களை அலைக்கின்றது. இடிமுகிலிலிருந்து கீழிறங்கும் குளிர்ந்த காற்று, தரையை அடைந்து நாற்புறமும் பரவுவதே இதற்குக் காரணம். பின்னர் மின்னல் பளிச்சிடுகின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுகின்றோம். அதன் பிறகே இடியோசை நம் செவிக்கு எட்டுகின்றது. ஒளி இமைப்பொழுதில் வந்துவிட, ஒலி பின்தங்குவது ஏன்? ஒலி என்பது காற்றில் எழும் ஓர் அலை. காற்றைக் கடந்து வர அதற்குச் சிறிது காலம் வேண்டும். நம் சென்னைக் காற்றில் அவ்வலை எவ்வளவு விரைவாகச் செல்கின்றது என்பதைப் பொறுமையுடன் அளந்தறிந்தவர் ஜான் கோல்டிங்ஹாம் ஆவார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வான ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அமைத்திருந்தார். அங்கு உதவியாளராகப் பணி தொடங்கினார் கோல்டிங்ஹாம். கிழக்கிந்தியக் கும்பினி அக்கூடத்தை ஏற்றுக்கொண்டு, 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. அங்குக் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 1796ஆம் ஆண்டில் கோல்டிங்ஹாம் வானிலைக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அவர் கட்டடக் கலையிலும் வல்லவர். இன்று இராஜாஜி மண்டபம் எனப்படும் மாளிகை அவர் வகுத்த திட்டப்படி எழுந்ததே.

அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பறங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் பீரங்கி முழங்குவது வழக்கம். ஊரார்க்கு அது பொழுதை அறிவிக்கும் ஓசை. கோல்டிங்ஹாமுக்கோ அது ஓர் அரிய வாய்ப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து கோட்டை ஏறத்தாழ 14,000 அடியும், பறங்கிமலை ஏறத்தாழ 29,500 அடியும் தொலைவில் இருந்தன. 1820, 1821ஆம் ஆண்டுகளில், பீரங்கியின் ஒளி தோன்றிய கணத்திற்கும் ஓசை கேட்ட கணத்திற்கும் இடைப்பட்ட காலம் நுட்பமான கடிகாரங்களால் அளக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்று வீசிய திசை ஆகியவையும் குறிக்கப்பட்டன.

ஒரு நாள் அளந்து முடிவு கூறியிருந்தால் அவர் பிழைபட்டிருப்பார். டிசம்பரில் நொடிக்கு 1,099 அடி சென்ற ஒலி, ஜூலையில் 1,164 அடி சென்றது! பறங்கிமலையின் ஓசை நுங்கம்பாக்கத்தை அடையும் காலத்தில் இவ்வேறுபாடு ஒன்றரை நொடி அளவே. அச்சிறு வேறுபாட்டை அவர் கருவியின் குறையென்று தள்ளிவிடவில்லை. திங்கள்தோறும் தொகுத்து ஒப்பிட்டார். வெப்பம் மிகுந்தால் ஒலி விரையும் என்பதும், உடன் வீசும் காற்று அதற்குத் துணையாகும், எதிர்க்காற்று தடையாகும் என்பதும் அவர் கணக்கில் தெளிவாயின. மிதமான காற்று ஒலியின் விரைவை நொடிக்கு ஏறத்தாழ 10 அடி மாற்றுவதைக் கண்டார். இவ்வாராய்ச்சியை இலண்டன் இராயல் கழகம் 1823ஆம் ஆண்டில் வெளியிட்டது.

1830ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற கோல்டிங்ஹாம், 1849ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மறைந்தார். நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணோ, வானிலை நிலைய வளாகத்தில் இன்றும் நிற்கின்றது.

மாணவர்களே! மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி கழிந்தால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று அறியலாம். ஆயினும் இடி செவியில் விழுந்த உடனே வீட்டினுள் சென்றுவிடுவதே அறிவுடைமை. எண்ணும் பணியை அங்கிருந்தே தொடரலாம். நாள்தோறும் ஊரே கேட்டு மறந்த ஓசையில் ஒருவர் உண்மையைத் தேடினார். ஒன்றரை நொடியையும் புறக்கணியாத பொறுமையால் அதனைக் கண்டார்.