தச்சர் தோமஸ் சிப்பன்டேல்

கொழும்பிலே பழந்தளபாடம் விற்போரிடம் சென்றால் சிப்பன்டேல் என்ற சொல் அடிக்கடி நம் காதில் விழும். அதனை ஒரு மரத்தின் பெயரென்று எண்ணுவாரும் உளர். அது ஒரு தச்சரின் பெயராகும்.

தோமஸ் சிப்பன்டேல் 1718 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க்சயரிலுள்ள ஒட்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் தச்சரே. இலண்டனை அடைந்த மைந்தர், 1748இல் கதரின் றெட்சோ என்னும் நங்கையை மணந்தார். சில ஆண்டுகளில், ஜேம்ஸ் றேனி என்பவரைப் பங்காளியாகக் கொண்டு சென் மார்ட்டின் ஒழுங்கையிலே பட்டறை நிறுவினார். 1754இல் தளபாட மாதிரிப் படங்கள் நிறைந்த பெருநூலொன்றையும் வெளியிட்டார். அவர் பெயரை நிலைநாட்டியது அந்நூலே.

அந்நாளில் இங்கிலாந்துச் செல்வரைச் சீன மோகம் பிடித்திருந்தது. தேயிலையும் பீங்கானும் வர்ணச் சுவர்த்தாளும் கப்பலேறி வந்தன. கதிரையும் அவற்றுக்கு இசைய வேண்டுமென்றனர். நம் தச்சரோ சீனத்தைக் கண்டவரல்லர். யன்னற் பின்னல் போன்ற முதுகுச் சட்டம், வளைவற்ற சதுரக் கால், சிலவற்றிலே கோயிற்கூரை போல் நுனி நிமிர்ந்த தலைச்சட்டம் ஆகியவற்றைக் கொண்டு அவர் ஒரு புதுக்கதிரையைக் கற்பித்தார். சீனர் ஒருவர் அதனைத் தம்மூர்க் கதிரையென்று ஒப்பியிரார் என்பது எம் எண்ணம். ஆயினும் அழகு அழகே.

இவ்வளவு மெல்லிய பின்னலுக்கு மகோகனி மரம் வாய்ப்பாக இருந்தது. அது நெருங்கிய இழையும் வலிமையும் உடையது, எளிதிற் கோணாது. மேற்கிந்தியத் தீவுகளிலே அம்மரத்தை வெட்டியோர் ஆபிரிக்க அடிமைகள். அவர்தம் பெரும் வாடிக்கையாளரான ஹெயர்வூட் மாளிகைப் பிரபுவின் குடும்பச் செல்வமும் அடிமை உழைப்பிற் பிறந்ததே. கதிரையின் அழகைப் புகழ்வோர் இதனை விட்டுச் சொல்லுதல் முறையன்று.

தச்சரின் வாழ்வும் சுகமாயில்லை. 1755இல் பட்டறை தீப்பற்றி, இருபத்திரண்டு தொழிலாளரின் ஆயுதப் பெட்டிகள் எரிந்துபோயின. 1766இல் றேனி இறக்கவே பணமுடை மிகுந்தது. கடனுக்கு வாங்கிய கனவான்கள் காசு கொடுக்கப் பின்னின்றனர். 1771இல் நொஸ்டெல் மாளிகைக்குச் சீனப்பாணியிற் பச்சை வர்ணத் தளபாடங்கள் செய்தளித்தவர், கூலிக்காக அம்மாளிகைக்காரரிடம் பலமுறை கடிதமெழுதிக் கெஞ்ச நேர்ந்தது. அரசருக்கு இணையாக வாழ்ந்தோர்க்கு ஒரு தச்சரின் கணக்கைத் தீர்க்க மனம் வரவில்லை! 1779இல் காசநோயால் இறந்தார். தொழிலை ஏற்ற மகன் 1804இல் வங்குரோத்தானார்.

சிப்பன்டேல் தம் கதிரைகளிலே பெயர் பொறிக்கும் வழக்கமுடையவரல்லர். மாளிகைகளிற் பேணப்பட்ட பற்றுச்சீட்டுகளும் கணக்கேடுகளுமே அவர் பட்டறை வேலையை இன்று இனங்காட்டுகின்றன. நூலைப் பார்த்து டப்ளின் நகரிலும் பிலடெல்பியாவிலும் பிறர் செய்தவையும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நம்மூரில் எவரேனும் அப்பெயர் சொல்லி விலை பேசினால், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.