செருப்பு தைத்தவர் கட்டிய கல்லூரி



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொல்லி தமிழ் ஐயா சொன்னாங்க. காந்தி, காமராஜர், பாரதியார் எல்லாரையும் மத்தவங்க முந்தி எடுத்துக்கிட்டாங்க. நான் வில்லியம் கேரியை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க தெரு அண்ணன் ஒருத்தர் மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி. என்கிற இறையியல் பட்டம் படிச்சவர். அவர் சான்றிதழைக் காட்டினப்போ அதில் செராம்பூர் என்று போட்டிருந்தது. செராம்பூர் எங்கே இருக்கு? கல்கத்தா பக்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில். வைகை அணையிலிருந்து பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்தில் போய்விடுகிற மதுரையில் படிச்சவருக்கு, வங்காளத்திலிருந்து ஏன் பட்டம் வரணும்? இதைக் கேட்கப் போய்த்தான் கேரியின் கதை எனக்குத் தெரிந்தது.

கேரி 1761 ஆகஸ்ட் 17-ல் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா நெசவாளி, பிறகு ஊர்ப் பள்ளி வாத்தியார். கேரி கல்லூரிப் பக்கமே போனதில்லை. சின்ன வயதிலேயே செருப்பு தைக்கிற கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். தோலை வைத்துத் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்று ஒவ்வொரு மொழியாகப் படித்தார். பல தாள்களை ஒன்றாக ஒட்டி, கையாலேயே பெரிய உலகப்படம் வரைந்து பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தார். ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை பேர், என்ன மதம் என்றெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தாராம். நம்ம சுவர் இதழ் மாதிரிதான், ஆனால் வாசகர் அவர் ஒருவர்தான்!

1783-ல் ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்று பாப்திஸ்து சபையில் சேர்ந்தார். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அரசாங்கத் திருச்சபையை ஏற்றுக்கொள்ளாதவருக்குப் பட்டம் கிடையாது. பாப்திஸ்துகள் எவ்வளவு படித்தாலும் வாசல் திறக்காது. கேரியிடம் அதற்குப் பணமும் இல்லை என்பது வேறு விஷயம்.

1793 நவம்பரில் குடும்பத்தோடு கல்கத்தா வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைப் பிடிக்காது. அதனால் உள்நாட்டில் முத்னாபதி என்ற ஊரில் அவுரி ஆலை மேனேஜராக வேலை பார்த்துக்கொண்டே வங்காள மொழி படித்தார். அங்கேதான் 1794-ல் அவருடைய 5 வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்துபோனான். அதிலிருந்து மனைவி டாரதிக்கு மனநோய் வந்து, 1807-ல் சாகிறவரை குணமாகவே இல்லை. டாரதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவுக்கு வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். கடைசி நேரத்தில், பிறந்து சில வாரமே ஆன கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். உலகத்துக்கே பாடம் சொல்ல வந்தவர் சொந்த மனைவி சொன்னதைக் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று எனக்குக் கேரி மேல் கோபம் உண்டு. அந்த அண்ணனிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

1800 ஜனவரியில் கேரி செராம்பூருக்குக் குடிபோனார். நம்ம தரங்கம்பாடி மாதிரியே செராம்பூரும் அப்போது டென்மார்க் ராஜாவின் ஊர். கம்பெனி அங்கே கை வைக்க முடியாது. பள்ளி ஆசிரியரான மார்ஷ்மன், அச்சுத் தொழில் தெரிந்த வார்டு இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளி எழுத்துக்களை வார்த்துக் கொடுத்தார். பண்டிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்புக்கு உதவினார்கள். வங்காளம், ஒரியா, இந்தி, மராத்தி, அசாமி, சமஸ்கிருதம் என்று 6 மொழிகளில் முழு பைபிளும், இன்னும் பல மொழிகளில் சில பகுதிகளும் வெளிவந்தன. எல்லாம் நல்ல மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது, பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்த வேண்டியிருந்தது. 1812 மார்ச் 11-ல் அச்சகம் தீப்பிடித்து, வருடக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. மறுபடியும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்.

1818-ல் மூவரும் சேர்ந்து செராம்பூர் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் 37 மாணவர்கள். அதில் 19 பேர் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் அப்படி இல்லை. போதகர்களை உருவாக்கும் கல்லூரியில் இந்துப் பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கிறிஸ்தவ மாணவர்கள் சமஸ்கிருதமும் படித்தார்கள். பாடம் பெரும்பாலும் வங்காளத்தில்தான், இங்கிலீஷில் இல்லை! கேரி இறையியலோடு தாவரவியலும் நடத்தினார். ஜான் மேக் என்ற ஆசிரியர் வேதியியல் நடத்தி, அந்தப் பாடத்தை வங்காளத்தில் புத்தகமாகவே போட்டார். கல்லூரிக் கட்டடத்துக்கான பணத்தில் பெரும்பகுதி அவர்கள் சம்பாதித்தது. கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பித்ததற்காகக் கேரிக்கு மாதம் 1000 ரூபாய் வரை சம்பளம். அதில் பெரும்பகுதியைப் பொதுக் கணக்கிலேயே போட்டுவிடுவார். ஒரு பெரிய விருந்தில் ஒருத்தர், இவர் முன்னாடி செருப்பு செய்கிறவராமே என்று காதில் விழும்படி சொல்ல, செய்கிறவன்கூட இல்லை, பழைய செருப்பைத் தைக்கிறவன்தான் என்று இவரே திருத்தினாராம்.

கேரிக்குச் செடி என்றால் உயிர். செராம்பூரில் 5 ஏக்கர் தோட்டம் வைத்திருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்கிற ஒரு மரத்துக்கு கேரியா ஆர்போரியா என்று இவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1823 அக்டோபரில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, காலில் பலத்த அடி. காய்ச்சலோடு படுத்துக் கிடந்த நேரத்தில் தாமோதர் நதி கரையை உடைத்து ஊருக்குள் வந்துவிட்டது. நமக்கு 66 அடி வந்தாலே முதல் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு அணையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தோட்டம் முழுக்கப் போச்சு. வீட்டை ஒட்டிய கரையும் இடிந்து, வீட்டை விட்டே மாற வேண்டியதாயிற்று. 62 வயதுக்காரர், எழுந்து நடக்க முடிந்ததும் மறுபடி விதை வாங்க ஆரம்பித்தார்.

1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக், இந்தக் கல்லூரியே பட்டம் கொடுக்கலாம் என்று சாசனம் கொடுத்தார். சாதி, நிறம், நாடு எதுவும் இங்கே சேருவதற்குத் தடை இல்லை என்று பின்னால் விதியிலேயே எழுதி வைத்தார்கள். பட்டம் வாங்கத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்கள் எழுதிய விதி அது.

1829 டிசம்பரில் சதியைத் தடை செய்யும் சட்டம் வங்காளத்தில் மொழிபெயர்க்க அவர் கைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தாமதித்தாலும் எத்தனை பெண்கள் எரிவார்களோ என்று, அன்றைக்குப் பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். 1834 ஜூன் 9-ல் செராம்பூரிலேயே காலமானார். 41 வருடத்தில் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

கையில் சாசனம் இருந்தும் அந்தக் கல்லூரி ரொம்ப காலம் யாருக்கும் பட்டம் கொடுக்கவில்லை. 1845-ல் டென்மார்க் தன் ஊர்களைக் கம்பெனிக்கு விற்றபோதும் அந்த உரிமை மட்டும் காப்பாற்றப்பட்டது. கேரி இறந்து 81 வருடம் கழித்து, 1915-ல்தான் முதல் பி.டி. பட்டம் கொடுத்தார்கள். பிறகு செராம்பூர் செனட் என்று ஒன்று ஏற்பட்டு, நாட்டின் பல இறையியல் கல்லூரிகள் அதில் இணைந்தன. அதில் அரசரடியும் ஒன்று. அண்ணன் அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

- 11-ஆம் வகுப்பு மாணவி, வைகை அணை