இறம்பொடையில் பிறந்த அட்மிரல்: அச்சத்தால் போரைத் தடுக்க நினைத்த ஜோன் பிஷர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் போகிறவர்கள் இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் கடப்பதில்லை. இன்று அந்த மலைகளில் தேயிலை. 180 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே இருந்தது கோப்பி. அந்தக் கோப்பிச் செய்கைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலையேறினார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலர் பலியானார்கள். அந்தக் காலத்தில், 1841 ஜனவரி 25ஆம் திகதி, இறம்பொடையின் வேவெண்டன் தோட்டத்துத் துரை வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜோன் ஆர்பத்நட் பிஷர் என்று பெயரிட்டார்கள்.

முதலாம் உலகப் போருக்குப் பிரித்தானியா எந்தக் கடற்படையுடன் போனதோ, அந்தக் கடற்படையை உருவாக்கியவர் இந்தப் பிஷர்தான். நெல்சனுக்கு அடுத்தபடியாக அந்நாட்டில் அதிகம் பேசப்படும் அட்மிரல் அவரே என்று சொல்பவர்கள் பலர். போர் எவ்வளவு பயங்கரமானது என்று எதிரிக்கு உறைக்க வைத்தால் போரே வராது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்டிருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே போய் முடிந்தது என்பதைப் போரைக் கண்ட நாம் அறிந்துகொள்வது நல்லது.

தந்தை வில்லியம் பிஷர் இராணுவக் கப்டன். தேசாதிபதி சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் இராணுவ உதவியாளராக இருந்தவர். பின்னர் கோப்பித் தோட்டம் வாங்கினார். போட்ட பணம் கடனாக முடிந்தது. பதினொரு பிள்ளைகள் பிறந்த அந்தக் குடும்பத்தில் குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் ஏழு பேர். மூத்தவனான ஜோனை ஆறு வயதில் லண்டனிலிருந்த தாய்வழிப் பாட்டனாரிடம் கப்பலேற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் தந்தையைக் காணவே இல்லை. வறுமையும் தனிமையும் தெரிந்த பிள்ளையாகத்தான் வளர்ந்தான்.

அவனது ஞானத்தாய் தேசாதிபதி ஹோர்ட்டனின் மனைவி. அவருடைய சிபார்சில் 1854 ஜூலையில், பதின்மூன்று வயதில், கடற்படையில் சேர்ந்தான். அன்றைய கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள். பீரங்கிகள் வாய்வழியாக மருந்திடப்படுபவை. பிஷர் கண் மூடும்போது நீர்மூழ்கிகளும் விமானந்தாங்கிகளும் வந்துவிட்டன. அந்த மாற்றத்தில் பெரும் பங்கு அவருடையது.

இளவயதில் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அபின் வியாபாரத்துக்காகப் பிரித்தானியா நடத்திய இரண்டாவது போர் அது. 1859இல் டாக்கு கோட்டைகளைக் கடலிலிருந்து தாக்கியபோது பிரித்தானியப் படகுகள் கோட்டைப் பீரங்கிகளுக்கு இரையாகின. கரையிறங்கியவர்கள் சேற்றில் புதைந்து நின்றபடி சுடப்பட்டார்கள். பதினெட்டு வயதுப் பிஷர் அந்தத் தோல்வியை நேரில் கண்டார். கரையிலிருக்கும் கோட்டையைக் கப்பல்களால் மட்டும் வெல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அது முதற் பாடம்.

அதன் பிறகு பீரங்கிப் பயிற்சியிலும், புதிதாக வந்திருந்த டோர்பிடோ ஆயுதத்திலும் அவர் தேர்ந்தார். 1882 ஜூலையில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரைப் பிரித்தானியக் கடற்படை எறிகணைகளால் தாக்கியபோது, இன்பிளெக்சிபிள் என்ற பெரிய போர்க்கப்பலின் கப்டன் பிஷர். நகரின் பெரும் பகுதி தீயில் எரிந்தது. பொதுமக்கள் மாண்டார்கள். பிஷருக்கு அங்கே கிடைத்தது புகழும், உயிரையே எடுக்கப் பார்த்த வயிற்றுளைவு நோயும். நோய்களால் அவருடைய முகம் மஞ்சள் பாரித்துப் போனது. அதை வைத்து, அவர் ஒரு சிங்கள இளவரசியின் மகன் என்று எதிரிகள் கதை கட்டினார்கள். இலங்கையில் பிறந்ததை இழிவாகக் காட்டுவதற்கு அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

1899இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அழைப்பில் ஹேக் நகரில் முதலாவது சமாதான மாநாடு கூடியது. ஆயுதங்களைக் குறைக்கவும் போருக்குச் சட்டங்கள் வகுக்கவும் கூடிய அந்த மாநாட்டுக்குப் பிரித்தானியாவின் கடற்படைப் பிரதிநிதியாகப் போனவர் பிஷர். நடனமும் நகைச்சுவையுமாக எல்லோருக்கும் பிடித்தவராக இருந்தார். ஆனால் மாநாட்டின் நோக்கத்தில் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. போரில் கருணையைப் பற்றிப் பேசுவது மடமை, முதல் அடியையே மிகக் கடுமையாக அடிக்க வேண்டும், அப்படி அடிப்போம் என்று எதிரி அறிந்திருந்தால் அவன் கையை ஓங்கமாட்டான் என்பது அவர் வாதம். அந்த மாநாட்டில் உருவான போர்ச் சட்டங்களின் வழிவந்த சட்டங்களைத்தான் இன்றும் பாதிக்கப்பட்ட மக்கள் நீதிக்காகச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

பின்னர் மத்தியதரைக் கடற்படையின் தளபதியானார். கப்பல்களின் வேகத்தையும் குறிதவறாமல் சுடும் தூரத்தையும் கூட்டினார். 1904 ஒக்டோபரில், 63 வயதில், கடற்படையின் தலைமைப் பதவியான முதலாவது கடல் பிரபு ஆனார்.

வந்த வேகத்தில் வெட்டத் தொடங்கினார். சண்டையிடவும் முடியாத, தப்பி ஓடவும் முடியாத கப்பல்கள் எதற்கு என்று 154 கப்பல்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார். உலகெங்கும் சிதறிக் கிடந்த கடற்படையின் பலத்தை ஜேர்மனிக்கு எதிரே தாய்நாட்டுக் கடலில் குவித்தார். தூரத்துத் தளங்கள் பல சுருக்கப்பட்டன. திருகோணமலைக் கடற்படைத் தளமும் அவற்றில் ஒன்று. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அதிகாரிகளாக வரும் வழக்கத்தை மாற்ற, கடற்படைக் கல்லூரியில் கட்டணத்தை ஒழிக்கவேண்டும் என்று வாதாடினார். மாலுமிகளுக்குப் பழைய பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கப்பலிலேயே சுட்ட பாண் கிடைக்கச் செய்தார். சாதாரண மாலுமிகள் அவரை நேசித்தார்கள். பிரபு குடும்பத்து அதிகாரிகள் பலர் வெறுத்தார்கள்.

அவருடைய பெயரை உலகறியச் செய்தது ட்ரெட்நோட் என்ற கப்பல். 1905 ஒக்டோபரில் கட்டத் தொடங்கி, 1906 பெப்ரவரியில் நீரில் இறக்கி, ஒரே ஆண்டில் கடலோட்டத்துக்குத் தயாராக்கினார்கள். 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. நீராவிச் சுழலியால் 21 கடல் மைல் வேகம். அதுவரை உலகில் இருந்த போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழையனவாகிப் போயின.

அதில் ஒரு வினை இருந்தது. பழையனவாகிப் போனவற்றில் பிரித்தானியாவின் கப்பல்களும் அடங்கும். நெடுங்காலமாகச் சேர்த்து வைத்த முந்துதல் கரைந்து, ஜேர்மனியும் அதே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கியது. இவர்கள் ஒன்று கட்ட அவர்கள் ஒன்று கட்டினார்கள். 1909இல் கடற்படை ஆறு கப்பல் கேட்டது. அரசு நான்கு போதும் என்றது. மக்களிடையே எழுந்த பீதியில் எட்டுக் கட்டப்பட்டன. ஜேர்மன் கடற்படை வளர்வதற்கு முன்னரே, போர் அறிவிக்காமல், துறைமுகத்தில் வைத்தே அதை அழித்துவிடலாம் என்று பிஷர் ஏழாம் எட்வர்ட் மன்னரிடம் யோசனை சொன்னார். மன்னர் அதிர்ந்து மறுத்துவிட்டார். ஆனால் அப்படி ஒரு எண்ணம் லண்டனில் உண்டு என்ற அச்சம் ஜேர்மனியில் பரவியது. அச்சம் போரை நிறுத்தவில்லை. மேலும் கப்பல் கட்டத்தான் தூண்டியது.

1910இல், தன் 69ஆவது பிறந்தநாளில், ஓய்வுபெற்றார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறுவதற்கான ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1914இல் பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரித்தானிய அரசு வாங்கியது. மத்திய கிழக்கின் எண்ணெய்க்காக வல்லரசுகள் மோதிக்கொள்ளும் கதையின் தொடக்கங்களில் அது ஒன்று. பெரிய கப்பல்களுக்காக ஜேர்மனி கீல் கால்வாயை அகலமாக்கி முடிக்கும் 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் வரும் என்று முன்கூட்டியே சொன்னார். ஜேர்மன் நீர்மூழ்கிகள் எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் என்றும் எழுதிக் கொடுத்தார். நாகரிகமடைந்த நாடு அப்படிச் செய்யாது என்று பொறுப்பிலிருந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். பிஷர் சொன்ன இரண்டும் நடந்தன.

1914 ஒக்டோபர் இறுதியில், 73 வயதில், கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அவரை மீண்டும் அழைத்தார். அடுத்த சில நாட்களிலேயே, சிலி நாட்டுக் கரையில் கொரொனெல் என்ற இடத்தில் ஜேர்மன் அட்மிரல் ஸ்பேயின் அணி இரண்டு பிரித்தானியக் கப்பல்களை மூழ்கடித்த செய்தி வந்தது. ஏறத்தாழ 1600 மாலுமிகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த ஸ்பேயின் அணியிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான் எம்டன். சென்னை மீது குண்டு வீசி, தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட அதே எம்டன். பிஷர் தன் வேகமான கப்பல்களில் இரண்டை உடனே தெற்கே அனுப்பினார். டிசம்பர் 8இல் போக்லண்ட் தீவுகளருகே ஸ்பேயின் அணி அழிந்தது. ஸ்பேயும் அவருடைய இரண்டு மகன்களும் ஏறத்தாழ 2000 ஜேர்மன் மாலுமிகளும் மாண்டார்கள். பிஷரின் வாழ்வில் அது ஒரு பெரிய வெற்றி.

அடுத்து வந்தது டார்டனெல்ஸ். துருக்கியின் அந்தக் குறுகிய நீரிணையைப் போர்க்கப்பல்களால் உடைத்துச் சென்று கொன்ஸ்தாந்திநோபிளைப் பிடிப்பது சேர்ச்சிலின் திட்டம். தரைப்படை இல்லாமல் கப்பல்கள் மட்டும் கோட்டைகளை வெல்வதில் பிஷருக்கு நம்பிக்கை இல்லை. டாக்குவில் நின்றவர் அவர். இருந்தும் 1915 ஜனவரி 28இல் போர்ச்சபை கூடியபோது அவர் தன் எதிர்ப்பைச் சொல்லவில்லை. பேச்சு அந்தத் திட்டத்துக்குத் திரும்பியதும் மேசையை விட்டு எழுந்தார். கிச்சினர் பின்னால் போய், யன்னலோரம் நின்று சமாதானப்படுத்தி அழைத்து வந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை. பின்னேரம் தனிப்பட்ட முறையில் சேர்ச்சிலிடம் சம்மதமும் தெரிவித்தார்.

மார்ச் 18இல் நீரிணைக்குள் போன கப்பல்களில் மூன்று பெரிய கப்பல்கள் கடற்கண்ணிகளில் சிக்கி மூழ்கின. பிறகு ஏப்ரல் 25இல் கலிப்பொலியில் தரைப்படைகளை இறக்கினார்கள். பிரித்தானியர், பிரெஞ்சுக்காரர், அவுஸ்திரேலியர், நியூசிலாந்தர், இந்தியர் என்று பல நாட்டு இளைஞர்கள். இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையினரும் அங்கே நின்றார்கள். எட்டு மாதங்களில் இரு தரப்பிலும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். துருக்கித் தரப்பின் இழப்பே கூட.

மே 15இல் பிஷர் பதவி விலகினார். கந்தோரை விட்டே காணாமற் போனார். பிரதமர் அஸ்குவித், மன்னரின் பெயரால் கடமைக்குத் திரும்புமாறு ஆணை அனுப்பவேண்டி வந்தது. ஜேர்மன் கடற்படை வெளிக்கிட்டு வருகிறது என்ற தகவல் வந்த வேளையிலும் அவர் இடத்துக்குத் திரும்பவில்லை. மாறாக, முழு அதிகாரத்தையும் தன் கையில் தரவேண்டும் என்று நிபந்தனை எழுதினார். விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சேர்ச்சிலும் பதவி இழந்தார். ஆனால் கலிப்பொலிக் கரையில் நின்றவர்களுக்கு அந்த விலகலால் எதுவும் மாறவில்லை.

அடுத்த ஆண்டு மே 31இல் ஜட்லன்ட் கடற்சமர் நடந்தது. கவசத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிப் பிஷர் ஆசையாக உருவாக்கிய வகைக் கப்பல்களில் மூன்று, ஒரே நாளில் வெடித்துச் சிதறின. போக்லண்டில் வென்று வந்த இன்வின்சிபிளும் அவற்றில் ஒன்று. அதில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஆறு பேர் மட்டுமே தப்பினார்கள். வெடிமருந்தைக் கையாண்ட முறையே பெருங்குறை என்று பின்வந்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். கவசம் போதாது என்பவர்களும் உண்டு.

டார்டனெல்ஸ் பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைந்தது. பிஷர் சாட்சி சொன்னார். சபையில் அமைச்சருக்கு மாறாகப் பேசுவது ஆலோசகரின் வேலையல்ல, ஒன்றில் மௌனம், அல்லது விலகல் என்பது அவர் விளக்கம். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அறிந்த ஆபத்தைச் சபையில் சொல்வது அவர் கடமையாக இருந்தது என்றது. அறிக்கை 1917இல் வெளிவந்தது. போர் தொடர்ந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

1920 ஜூலை 10இல் பிஷர் புற்றுநோயால் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அரச மரியாதை நடந்தது. வீதியோரம் மக்கள் திரண்டு நின்றார்கள். சாம்பல் கில்வர்ஸ்டன் கிராமத்தில் மனைவியின் கல்லறையருகே வைக்கப்பட்டது.

கெட்டிக்காரர், உழைப்பாளி, ஏழை மாலுமியை மறவாதவர் என்று அவரைச் சொல்வதெல்லாம் உண்மை. அச்சுறுத்தினால் எதிரி அடங்குவான் என்ற அவருடைய கணக்கு பிழைத்ததும் உண்மை. ஆயுதங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகள் உரத்துப் பேசிய அந்த மனிதர், மனித உயிர்களுக்காகப் பேசவேண்டிய ஒரு நாளில் பேசாமல் இருந்தார். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே கப்பலில் நின்ற அனுபவம் அவருக்கு இருந்தது. கலிப்பொலிச் சரிவுகளில் புதைக்கப்பட்டவர்களின் வீட்டாருக்கு, தங்கள் பிள்ளைகளை அனுப்பிய அறையில் இது சரிவராது என்று நினைத்த ஒருவரும் இருந்தார் என்பதை அந்த அறிக்கையும் சொன்னது.