ரஃபியுதீன் அகமது

டாக்டர் ரஃபியுதீன் அகமது (டிசம்பர் 24, 1890 - பெப்ரவரி 9, 1965) இந்தியப் பல் மருத்துவர், கல்வியாளர், அரசியல்வாதி ஆவார். ஆர். அகமது என்ற பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவிய இவர், இந்திய நவீன பல் மருத்துவத்தின் தந்தை எனப்படுகிறார். யார் பல் மருத்துவர், யார் அல்லர் என்பதைச் சட்டப்படி வரையறுக்கும் பதிவேட்டு முறை இந்தியாவில் உருவானதில் இவரது பங்கு முதன்மையானது. இன்று பல் உள்வைப்புச் செய்துகொள்ள விரும்பும் ஒருவர் தம் மருத்துவரின் தகுதியைச் சரிபார்க்கத் தொடங்கும் இடமும் அப்பதிவேடே.

இளமையும் கல்வியும்

இன்றைய வங்காளதேசத்தில் அடங்கும் கிழக்கு வங்காளத்தில் பிறந்த அகமது, அலிகாரில் பயின்று 1908இல் பட்டம் பெற்றார். 1909இல் அமெரிக்கா சென்று, ஐயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் கற்று 1915இல் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென அமைந்த ஃபோர்சித் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். அம்மருத்துவமனை அப்போது திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தது. 1919இல் இந்தியா திரும்பினார்.

உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. எண்பது ஆண்டுகள் கடந்தும் இந்தியாவில் அத்தகைய கல்லூரி ஒன்றுகூட இல்லை. பல் பிடுங்குவதும் செயற்கைப்பல் கட்டுவதும் குடும்பத் தொழிலாகவும் சந்தைத் தொழிலாகவும் நடந்து வந்தன. கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டி வந்தன. அவர்களுள் கைத்திறன் மிக்கவர் பலர் இருந்தனர் என்பதை மறுக்க இயலாது. ஆனால் திறமையானவரையும் அல்லாதவரையும் பிரித்தறிய நோயாளிக்கு வழி எதுவும் இல்லை. அகமதின் பிற்கால உழைப்பு முழுவதும் இந்தக் குறையைச் சுற்றியே அமைந்தது.

கல்லூரி

1920இல் கல்கத்தாவில் அகமது தொடங்கிய கல்லூரிக்கு அரசின் பண உதவி கிடையாது. கல்லூரிச் செலவுக்காக அவர் நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் ஐஸ்கிரீம், சோடா விற்கும் கடை ஒன்றை நகரில் நடத்தினார். பல் சொத்தையைத் தடுக்கக் கற்பிக்கும் கல்லூரி இனிப்பு விற்ற பணத்தில் நடந்தது என்பது சுவையான முரண்தான். ஆயினும் அக்கடையின் வருவாய் இல்லையேல் இந்தியப் பல் மருத்துவக் கல்வி மேலும் சில ஆண்டுகள் பின்தங்கியிருக்கும் எனலாம். பாகிஸ்தானின் அரசியல் தலைவராக விளங்கிய பாத்திமா ஜின்னா இங்கு பயின்றவர்.

1925இல் வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தையும் இந்தியப் பல் மருத்துவ இதழையும் நிறுவினார். இதழின் ஆசிரியராக 1946 வரை இருந்தார். மாணவர்களுக்கான பல் மருத்துவக் கையேடு ஒன்றை 1928இல் வெளியிட்டார். தாம் வளர்த்த கல்லூரியை 1949இல் மேற்கு வங்காள அரசிடம் ஒப்படைத்தார். தமிழகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்வி சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் தான் தொடங்கியது.

சட்டமும் பதிவேடும்

படித்தவர்களை உருவாக்கினால் மட்டும் போதாது, படிக்காதவர் தம்மைப் பல் மருத்துவர் என்று சொல்லிக்கொள்வதையும் தடுக்க வேண்டும் என்ற நோக்கில் அகமது உழைத்தார். அதன் பயனாக 1939இல் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான பல் மருத்துவர் சட்டம் 1948 மார்ச் 29 அன்று வந்தது. அதன்படி அமைந்த இந்தியப் பல் மருத்துவ மன்றத்தின் தலைவராக அகமது 1954 முதல் 1958 வரை பணியாற்றினார்.

இச்சட்டத்தின் மையம் பதிவேடு ஆகும். அதன் முதற்பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் இடம்பெற்றனர். பட்டம் இல்லாவிடினும், குறித்த நாளுக்கு முன் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பல் மருத்துவத்தையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தோர் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்டனர். இது ஒரு சமரசம். பழைய தொழிலாளர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்தாமல், புதிதாக எவரும் அவ்வழியில் நுழையாமல் கதவை அடைப்பதே இதன் உத்தி. பிரித்தானியாவும் 1921இல் இவ்வாறே செய்தது. 1972ஆம் ஆண்டுத் திருத்தம் பர்மா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து கலவரங்களால் இந்தியா திரும்பியோருக்கும் இரண்டாம் பகுதியில் வாய்ப்பளித்தது. இது தமிழர்களுக்கு நெருக்கமான செய்தி. பதிவு பெறாமலே பதிவு பெற்றவராகக் காட்டிக்கொள்வோருக்குச் சட்டம் விதித்த தண்டம், முதல் முறை 500 ரூபாய் வரை மட்டுமே. அன்று அது பெரிய தொகை. பின்னாளில் எவரையும் அஞ்ச வைக்காத தொகையாகிவிட்டது.

அச்சட்டம் எல்லா இடங்களையும் உடனே எட்டவில்லை. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்குள்ள மீனவச் சிற்றூரான கருக்களாச்சேரியில் 1948 சட்டம் செல்லாது. அதே கடற்கரையில் தெற்கே உள்ள நாகூர் இந்தியாவில் இருந்ததால் அங்கு செல்லும். காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவுற்றது. இந்தியச் சட்டங்கள் அப்பகுதிக்குப் படிப்படியாகவே நீட்டிக்கப்பட்டன.

அரசியலும் இறுதிக்காலமும்

அகமது 1932 முதல் 1936 வரை கல்கத்தா மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். மேற்கு வங்காளத்தில் பி. சி. ராய் தலைமையிலான அமைச்சரவையில் 1950 முதல் 1962 வரை வேளாண்மை, கூட்டுறவு முதலிய துறைகளைக் கவனித்தார். முதலமைச்சர் ராயும் ஒரு மருத்துவரே. 1964இல் அகமதுக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. 1965 பெப்ரவரி 9 அன்று காலமானார். அவர் நிறுவிய கல்லூரி இன்று டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரைத் தாங்கியுள்ளது.

பதிவேடும் பல் உள்வைப்பும்

அகமது மறைந்த அதே 1965ஆம் ஆண்டில் சுவீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணைந்துவிடும் என்பதை அவர் 1950களில் முயல்களில் செய்த ஆய்வின்போது கண்டிருந்தார். இன்று இம்ப்ளாண்ட் என்று அழைக்கப்படும் பல் உள்வைப்பு இதிலிருந்தே வளர்ந்தது. திருகு எலும்போடு பிணையப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதன் பிறகு அதன்மேல் செயற்கைப்பல் பொருத்தப்படும்.

அகமதின் காலத்துப் பதிவேடு இத்தகைய சிகிச்சையை எண்ணி வகுக்கப்பட்டதன்று. ஒருவர் பல் மருத்துவரா என்ற கேள்விக்கு அது விடை தரும். அவர் உள்வைப்பில் பயிற்சி உள்ளவரா என்ற கேள்விக்குத் தராது. இந்தியாவில் பல் மருத்துவ முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ். மூன்றாண்டுப் படிப்பு. உள்வைப்புக்கெனத் தனியே ஒரு முதுநிலைப் பிரிவு அதில் இல்லை. செயற்கைப்பல் சீரமைப்பு, ஈறு மருத்துவம், வாய் முகத்தாடை அறுவை ஆகிய மூன்று பிரிவினரே இதில் பெரிதும் ஈடுபடுகின்றனர். இளநிலைப் பட்டத்துடன் குறுகிய காலப் பயிற்சி பெற்றுச் செய்வோரும் உண்டு. ஆதலால் பெயர்ப்பலகையில் உள்ள உள்வைப்பு நிபுணர் என்ற சொல் ஒரு பட்டத்தின் பெயராக இருப்பது அரிது. சில நாள் பயிற்சிக்கும் அது பயன்படலாம், மூன்றாண்டுப் படிப்புக்கும் பயன்படலாம். பதிவு எண்ணையும், முதுநிலைப் பட்டம் எந்தப் பிரிவில் என்பதையும், இதற்குமுன் எத்தனை பேருக்குச் செய்துள்ளார் என்பதையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

சிகிச்சை தொடங்கும் முறையும் மருத்துவரைக் காட்டிக்கொடுக்கும். கீழ்த்தாடையில் உணர்வு நரம்பு ஒன்று ஓடுகிறது. மேல்தாடையின் பின்புறத்தில் காற்றறை உள்ளது. எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் முப்பரிமாண ஊடுகதிர்ப் படத்தில் அளக்காமல் திருகு பதித்தால் உதடு மரத்துப்போகவோ காற்றறை துளைபடவோ கூடும். கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, புகைப்பழக்கம், ஈறு நோய் ஆகியவை தோல்வி வாய்ப்பைக் கூட்டுவன. இவற்றைக் கேட்காமல் முதல் நாளே விலை பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

கருக்களாச்சேரி போன்ற ஊர்களில் இருப்போருக்கு அரசு சார்ந்த கருத்துரை பெறப் புதுச்சேரியில் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிறுவனம் உள்ளது. போகும் வழியில் சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் உள்ளது. இக்கல்லூரிகளில் மேற்குறித்த மூன்று பிரிவினரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது நன்மை.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், 1948 சட்டத்துக்கு மாற்றாக வகுக்கப்பட்டது. அதிலும் மாநிலப் பதிவேடும் தேசியப் பதிவேடும் இடம்பெற்றுள்ளன. நோயாளியின் கையில் இருக்க வேண்டிய பதிவு மற்றொன்றும் உண்டு. பதித்த திருகின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒவ்வொரு திருகுடனும் வருகிறது. ஒவ்வொரு நிறுவனத் திருகுக்கும் பொருத்துக் கருவிகள் வேறுபடுவதால், பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வோர் அங்குள்ள மருத்துவரிடம் காட்ட அத்தாளே உதவும்.